2012இல் வெளியேற்றப்பட்ட கிரேசியா பொலீ 2021இல் ஒலிம்பிக் தங்கம் வென்றது எப்படி?

கேள்வி இது: லண்டன் ஒலிம்பிக்கில் வேண்டுமென்றே தோற்கப் பார்த்தார் என்று வெளியேற்றப்பட்ட இந்தோனேசிய பேட்மிண்டன் வீராங்கனை, 9 ஆண்டு கழித்து டோக்கியோவில் தங்கம் வாங்கினாரே, இடையில் என்ன நடந்தது? ஒரு டபுள்ஸ் ஆட்டக்காரரின் விளையாட்டு வாழ்க்கை எப்படித்தான் ஓடுகிறது?

முதலில் பெயர். அவருடைய குடும்பப் பெயரைத் தமிழில் அப்படியே ஒலித்தால் 'போலி' என்று வந்து நிற்கும். 2012இல் அவர்மேல் விழுந்த பழி 'போலி ஆட்டம்' என்பதுதான் என்பதால், அந்தச் சிலேடையை நான் வேண்டாம் என்று விடுகிறேன். பொலீ என்றே எழுதுகிறேன்.

'விழுந்தார், எழுந்தார், விடாமுயற்சி வென்றது' என்று இந்தக் கதையை நாலு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. விடாமல் ஆடியவர்கள் ஏராளம்; அவர்களில் பெரும்பாலானோர் வெறுங்கையோடுதான் ஓய்வு பெற்றார்கள். பொலீயின் கதையில் பார்க்க வேண்டியது, எதிரில் யார் நின்றார்கள் என்பதைவிடப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதை.

ஒற்றையர் ஆட்டக்காரருக்குத் தரவரிசை அவரோடு சேர்ந்தே வரும். காயம்பட்டு ஆறு மாதம் கழித்துத் திரும்பினாலும் அது அவருடைய புள்ளிதான். இரட்டையரில் தரவரிசை ஜோடிக்குச் சொந்தம். ஜோடி பிரிந்தால் அந்த எண்ணும் அதோடு போயிற்று. புதிய பார்ட்னரோடு மறுபடி கீழேயிருந்து ஏற வேண்டும். பத்து வருடம் உலகத்தின் முதல் பத்துக்குள் இருந்தவரும் பக்கத்தில் நிற்பவரின் முழங்கால் போனால் அடிவாரத்துக்கு வந்துவிடுவார். யாரோடு ஆடுவது என்பதும் பெரும்பாலும் அவர் கையில் இல்லை. இந்தோனேசியாவில் கிழக்கு ஜகார்த்தாவின் சிபாயுங் என்ற இடத்தில் தேசியப் பயிற்சி முகாம் இருக்கிறது. யார் யாரோடு என்று அங்கே முடிவு செய்பவர் பயிற்சியாளர். ஏறக்குறைய பெரியவர்கள் பார்த்து முடிக்கும் கல்யாணம் மாதிரி.

கிரேசியா பொலீ பிறந்தது 1987 ஆகஸ்ட் 11, ஜகார்த்தாவில். பூர்வீகம் வடக்கு சுலாவெசியின் மினஹாசா. அவருடைய சின்ன வயதிலேயே அப்பா இறந்துபோக, தாயோடு அந்தப் பக்கமே போய்விட்டார்கள். எட்டு வயதில் பேட்மிண்டனுக்காக மறுபடி ஜகார்த்தா, ஜெயா ராயா என்ற பெரிய கிளப்பில் பயிற்சி. பதினாறு பதினேழு வயதிலேயே மகளிர் அணிப் போட்டியான ஊபர் கோப்பைக்கான தேசிய அணியில் இருந்தார். சர்வீஸ் போட்டால்தான் புள்ளி என்ற பழைய கணக்கில் தொடங்கி, 2006இல் வந்த 21 புள்ளி முறை, 2018இல் வந்த 1.15 மீட்டர் சர்வீஸ் உயர வரம்பு என்று மூன்று காலத்தையும் பார்த்துவிட்ட ஆள்.

அன்றைய இந்தோனேசியாவில் மகளிர் இரட்டையர் என்றால் கொஞ்சம் இளக்காரம்தான். அந்த நாட்டில் பேட்மிண்டன் என்பது உயிர். 1992இல் சூசி சுசந்தியும் ஆலன் புடிகுசுமாவும் ஒற்றையரில் வாங்கிய தங்கங்களில் தொடங்கி, 1996, 2000, 2004, 2008 என்று ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பேட்மிண்டன் தங்கம் வந்துகொண்டே இருந்தது. ஆண்கள் இரட்டையர் என்றால் அவர்கள் வீட்டுச் சொத்து. மகளிர் இரட்டையரோ சீனாவின் சொத்து. 1996 முதல் 2012 வரை ஐந்து ஒலிம்பிக்கிலும் மகளிர் இரட்டையர் தங்கம் சீனாவுக்குத்தான் போனது. கே ஃபெய், கூ ஜுன் ஜோடி மட்டுமே இரண்டு முறை. அந்தச் சுவரில் முட்டப்போகிறோம் என்று தெரிந்துதான் ஒரு இந்தோனேசியப் பெண் டபுள்ஸைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

ஆரம்ப வருடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். ஜோ நோவிதாவோடு ஆடினார், இடையிடையே விதா மாரிசாவோடு ஆடினார், பிறகு மெய்லியானா ஜௌஹரியோடு நிலைத்தார். 2008இல் ஜகார்த்தாவில் நடந்த ஊபர் கோப்பையில் இந்தோனேசியா இறுதி வரை போய்ச் சீனாவிடம் தோற்றது. இந்தக் கட்டத்தில் அவர் நல்ல ஆட்டக்காரர், அவ்வளவுதான். மெய்லியானாவோடுதான் 2012 லண்டனுக்குப் போனார்.

லண்டனில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பலருக்கு 'நாலு ஜோடியைத் துரத்தினார்கள்' என்பது மட்டும்தான் நினைவிருக்கிறது.

அந்த ஒலிம்பிக்கில்தான் பேட்மிண்டனுக்குக் குழு ஆட்டங்களைக் கொண்டுவந்தார்கள். முன்பெல்லாம் முதல் சுற்றில் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இப்போது நாலு ஜோடி கொண்ட குழு, முதல் இரண்டு இடத்துக்குக் காலிறுதி. குழுவில் முதலிடம் என்றால் யாரோடு, இரண்டாமிடம் என்றால் யாரோடு என்ற பாதை முன்கூட்டியே வரைந்து வைக்கப்பட்டிருந்தது. ஓட்டை அங்கேதான்.

டென்மார்க்கின் கமிலா ரிட்டர் யூல், கிறிஸ்டினா பெடர்சன் ஜோடி, சீனாவின் தியான் சிங், ஜாவ் யுன்லெய் ஜோடியை எதிர்பாராமல் வீழ்த்திவிட்டது. அதனால் அந்தச் சீன ஜோடி குழுவில் இரண்டாமிடம். சீனாவின் இன்னொரு ஜோடியான வாங் ஷியாவ்லி, யூ யாங் தங்கள் குழுவில் முதலிடம் பிடித்தால், சொந்த நாட்டு ஜோடியை இறுதிக்கு முன்பே சந்திக்க வேண்டிவரும். ஆகவே கொரியாவின் ஜுங் கியுங்-உன், கிம் ஹா-நா ஜோடியிடம் தோற்க முடிவு செய்தார்கள். கொரியர்களுக்கும் ஜெயிக்க அவசரமில்லை. சர்வீஸ் வலையில் போய் விழுந்தது. எளிய ஷட்டில் வெளியே போனது. முதல் செட்டில் ஒரு ரேலிகூட, அதாவது ஷட்டிலை மாறி மாறி அடிக்கும் ஒரு தொடர்கூட, நாலு ஷாட்டைத் தாண்டி நீளவில்லை. வெம்ப்ளி அரினாவில் காசு கொடுத்து உட்கார்ந்திருந்தவர்கள் கூச்சலிட்டார்கள்.

அடுத்து பொலீ, மெய்லியானா ஜோடியின் ஆட்டம். எதிரில் கொரியாவின் ஹா ஜுங்-உன், கிம் மின்-ஜுங். இந்தக் குழுவில் ஜெயிப்பவருக்குக் காலிறுதியில் யார் தெரியுமா? சற்று முன் வேண்டுமென்றே இரண்டாமிடத்துக்கு இறங்கிய வாங், யூ. உலகின் முதல்நிலை ஜோடி. இரண்டு பக்கமும் அதைத் தவிர்க்கப் பார்த்தது. நடுவர் குழுத் தலைவர் களத்துக்கே வந்து எச்சரித்தார்; வெளியேற்றத்துக்கான கறுப்பு அட்டை காட்டப்பட்டு, பிறகு திரும்பப் பெறப்பட்டது. ஆட்டம் மூன்று செட் வரை இழுத்துக்கொண்டு போய்க் கொரியர்கள் ஜெயித்தார்கள். மறுநாள், ஆகஸ்ட் 1, எட்டுப் பேரும் வெளியே. வெல்வதற்கு முழு முயற்சி எடுக்கவில்லை, விளையாட்டுக்குக் களங்கம் விளைவித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கொரியாவின் மேல்முறையீடு தள்ளுபடி ஆனது. இந்தோனேசியா தன் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

விளைவுகள் விசித்திரமானவை. குழுவில் மூன்று ஆட்டத்திலும் தோற்ற கனடா ஜோடி காலிறுதிக்கு இழுத்துவரப்பட்டு, வெண்கலப் போட்டி வரை போய்விட்டது. தங்கம் கடைசியில் தியான் சிங், ஜாவ் யுன்லெய்க்கே. இதே போட்டியில்தான் நம் ஜ்வாலா குட்டா, அஸ்வினி பொன்னப்பா ஜோடி, குழுவில் ஜப்பான், சீன தைபே ஜோடிகளோடு வெற்றிக் கணக்கில் சமமாக இருந்தும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் காலிறுதியைத் தவறவிட்டது. ஜப்பான் ஜோடி தைபேயிடம் தோற்ற விதம் சரியில்லை என்று இந்தியா புகார் கொடுத்தும் பலனில்லை. எட்டுப் பேரை வெளியேற்றிய கதையில் இந்த ஒரு புள்ளி யாருக்கும் நினைவில் இல்லை. முந்தைய ஆண்டு இதே லண்டனில் உலகச் சாம்பியன்ஷிப் வெண்கலம் வாங்கிய ஜோடி அது.

என் கருத்தைக் கேட்டால், போட்டியை அப்படி வடிவமைத்தவர்கள்தான் முதல் குற்றவாளிகள். தோற்றால் லாபம் என்று கணக்கை எழுதி வைத்துவிட்டு, கணக்குப் போட்டவர்களை மட்டும் அடித்தார்கள். உலக சம்மேளனமே அதைப் பிறகு ஒப்புக்கொண்டதுபோல, அடுத்த ஒலிம்பிக்கிலிருந்து இரண்டாமிடம் பெறும் ஜோடிகளுக்குத் தனியாகக் குலுக்கல் வைத்துவிட்டது. தோற்று வழி தேட முடியாது. ஆனால் இதைச் சொல்வதால் அந்த ராத்திரி ஆடியவர்கள் யோக்கியர்கள் ஆகிவிட மாட்டார்கள். சர்வீஸை வலையில் அடித்தது அவர்கள் கைதான்.

பொலீக்கு அப்போது வயது 24. அடுத்த பத்து நாளில் 25. மெய்லியானாவோடு இருந்த கூட்டு அத்தோடு சரி. இந்தக் கட்டத்தில் அவர் விலகியிருந்தால், இன்று அவர் பெயர் அந்த எட்டில் ஒன்று, அவ்வளவுதான்.

2013இல் நித்யா கிருஷிந்தா மஹேஸ்வரியோடு சேர்ந்தார். முன்பே சில காலம் சேர்ந்து ஆடியவர்கள். இந்த ஜோடிதான் பொலீயை உண்மையில் உலகத் தரத்துக்குக் கொண்டுபோனது. இவர்கள் ஆடியது பொறுமையின் ஆட்டம். பெண்கள் இரட்டையர் ஆட்டத்தை அதிகம் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆண்கள் இரட்டையரில் ஷட்டில் கொஞ்சம் உயர்ந்தாலே ஸ்மாஷ், மூன்று நாலு அடியில் புள்ளி முடிந்துவிடும். பெண்கள் இரட்டையரில் 6.1 மீட்டர் அகலக் களத்தை இரண்டு பேர் காக்கும்போது, ஒரு ஸ்மாஷ் புள்ளியாவது அபூர்வம். எடுத்துவிடுவார்கள். மறுபடி அடிக்க வேண்டும், மறுபடி எடுப்பார்கள். ஐம்பது, அறுபது அடி போகும் ரேலிகளும் வரும். அதனால் இங்கே டிஃபன்ஸ்தான் அஸ்திவாரம். பின்னாலிருந்து அடிப்பவர் கையில் பலம் வேண்டும். அதைவிட, அடிக்கவே கூடாத ஷட்டிலை டிராப் (வலையோரம் மெல்ல விழவைப்பது) போட்டோ கிளியர் (உயரத் தூக்கிப் பின்கோட்டுக்கு அனுப்புவது) அடித்தோ தள்ளிவிடும் நிதானம் வேண்டும். நானும் கிளப் அளவில் டபுள்ஸ் ஆடியவன்தான். அந்த நிதானம் எவ்வளவு கஷ்டம் என்று ஒரு முறை இருபதாவது அடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவருக்குத் தெரியும். எப்படியாவது முடித்துத் தொலை என்று கை துடிக்கும். அப்போது முடிக்கப் போனவர்தான் புள்ளியைக் கொடுப்பார்.

பொலீ, நித்யா ஜோடி எவ்வளவு பொறுமைசாலிகள் என்பதற்குச் சாட்சி ஒரு தோல்வி. 2016 ஏப்ரலில் சீனாவின் வூஹானில் ஆசிய சாம்பியன்ஷிப் அரையிறுதி. எதிரில் ஜப்பானின் குருமி யோனாவ், நவோகோ ஃபுகுமான். ஆட்டம் 161 நிமிடம் ஓடியது. இரண்டு மணி நாற்பத்தொரு நிமிடம்! ஒரு பேட்மிண்டன் ஆட்டம் அவ்வளவு நேரம் அதற்கு முன் நடந்ததில்லை. 21-13 என முதல் செட்டை எடுத்த இந்தோனேசியர்கள் 19-21, 22-24 என்று அடுத்த இரண்டையும் கோட்டைவிட்டார்கள். அந்த ஆட்டம் முழுவதையும் பார்க்கச் சொல்லி யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கடைசிச் செட்டில் ஆடுபவர்கள் புள்ளிக்குப் புள்ளி முட்டியில் கை ஊன்றி நிற்பதை மட்டும் பாருங்கள்.

இந்த ஜோடியின் உச்சம் 2014. தென்கொரியாவின் இஞ்சியோனில் ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில் ஜப்பானின் மிசாகி மட்சுடோமோ, அயாகா தகாஹாஷி ஜோடியை நேர் செட்டில் வென்றார்கள். 1978க்குப் பிறகு இந்தோனேசியாவுக்கு மகளிர் இரட்டையரில் கிடைத்த ஆசிய விளையாட்டுத் தங்கம் அது. 2015இல் ஜகார்த்தாவில் உலகச் சாம்பியன்ஷிப் வெண்கலம், அதே ஆண்டு கொரியா ஓப்பன், 2016இல் சிங்கப்பூர் ஓப்பன்.

பிறகு ரியோ. குழு ஆட்டங்களைத் தாண்டிக் காலிறுதி. எதிரில் சீனாவின் தாங் யுவான்டிங், கூடவே யூ யாங். அதே யூ யாங்! லண்டனில் வெளியேற்றப்பட்ட அன்று இத்தோடு ஓய்வு என்று அறிவித்துவிட்டு, பிறகு மனம் மாறித் திரும்பி வந்தவர். நேர் செட்டில் பொலீ ஜோடியை வெளியே அனுப்பினார். அந்தச் சீன ஜோடி வெண்கலப் போட்டியில் யாரிடம் தோற்றது என்று பாருங்கள்: ஜுங் கியுங்-உன், ஷின் சுங்-சான். ஜுங்கும் லண்டனின் எட்டுப் பேரில் ஒருவர். நாலு வருடம் முன் ஒன்றாக அசிங்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தங்கம், இஞ்சியோனில் பொலீயிடம் தோற்ற மட்சுடோமோ, தகாஹாஷிக்கு. மூன்றாவது செட்டில் 16-19 என்று பின்தங்கி, தொடர்ந்து ஐந்து புள்ளி எடுத்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பொலீக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இரண்டு வருடம் முன் தான் ஜெயித்த ஜோடி.

ரியோவுக்குப் பின் நித்யாவின் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை. பொலீக்கு வயது 29. மேலே சொன்னேனே, பக்கத்தில் நிற்பவரின் முழங்கால் என்று, அது இதுதான். பொலீ ஓய்வு பெறும் யோசனையோடு பயிற்சியாளர் எங் ஹியானிடம் போனார்.

எங் ஹியானும் ஒரு டபுள்ஸ் ஆட்டக்காரர்தான். 2004 ஏதென்ஸில் ஃபிளாண்டி லிம்பெலேவோடு ஆண்கள் இரட்டையர் வெண்கலம் வாங்கியவர். ஜோடி போனால் என்ன ஆகும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொஞ்சம் பொறு, போவதற்கு முன் இளையவர்களில் ஒருவரைத் தூக்கிவிட்டுப் போ என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். அதாவது, ஜெயிப்பதற்கு ஒரு பார்ட்னரைத் தரவில்லை. வளர்ப்பதற்கு ஒரு பிள்ளையைத் தந்தார். வேறு வேறு பார்ட்னர்களோடு சில போட்டிகள் ஆடிப் பார்த்த பிறகு, 2017 மே மாதம், ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில் நடந்த, ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் அணிப் போட்டியான சுதிர்மான் கோப்பையில் அப்ரியானி ரஹாயுவோடு களமிறங்கினார்.

அப்ரியானி பிறந்தது 1998 ஏப்ரல் 29. பொலீயைவிடக் கிட்டத்தட்ட 11 வயது இளையவர். ஊர் தென்கிழக்கு சுலாவெசியின் கோனாவே. சிறுமியாக இருந்தபோது அப்பா மரத்தில் செய்து கொடுத்த மட்டையால் ஆடக் கற்றுக்கொண்டவர். துடிப்பு, வேகம், எதற்கும் அஞ்சாத கை. அந்த வயதுக்கே உரிய அவசரமும் உண்டு.

இங்கேதான் பொலீயின் ஆட்டம் மாறியது என்பது என் கணிப்பு. நித்யாவோடு ஆடியபோது இருவரும் ஒத்த வயது, ஒத்த மனநிலை. தோற்றால் இருவரும் சேர்ந்து தொங்கிப்போவார்கள். அப்ரியானி பக்கத்தில் நிற்கும்போது பொலீ தொங்கிப்போக முடியாது. மூத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் இளையவர் ஆடுவார். அந்தக் காலத்து ஆட்டங்களைப் பாருங்கள், புள்ளி போனாலும் பொலீ சிரித்துக்கொண்டே போய் மட்டையால் மட்டையைத் தட்டுவார். நெருக்கடியில் வாய் ஓயாது, பேசிக்கொண்டே இருப்பார். ஆட்ட முறையிலும் வேலை பிரிந்தது. அப்ரியானி பாய்ந்து அடிப்பார், முன்னால் வந்து வெட்டுவார். பொலீ டிஃபன்ஸில் நின்று ஷட்டிலைத் தாழ்வாகத் திருப்பி, எதிராளிகள் இருவருக்கும் நடுவில், யார் எடுப்பது என்று தயங்கும் இடத்தில் வைப்பார். பலம் குறைந்துகொண்டே வந்த வயதில் கண் கூர்மையாகிக்கொண்டே வந்தது.

பலன் உடனே தெரிந்தது. சேர்ந்த சில வாரங்களில் தாய்லாந்து ஓப்பன். அதே ஆண்டு அக்டோபரில் பிரெஞ்சு ஓப்பன். 2018லும் 2019லும் புதுதில்லியில் நடந்த இந்தியா ஓப்பன் இவர்களுக்கே. அதே இரண்டு ஆண்டும் உலகச் சாம்பியன்ஷிப் வெண்கலம். 2018 ஆசிய விளையாட்டு ஜகார்த்தாவிலேயே நடந்தது, அங்கேயும் வெண்கலம். 2019 தென்கிழக்காசிய விளையாட்டில் தங்கம். பெரிய மேடையில் அரையிறுதி என்றால் வாசலிலேயே நின்றுவிடுகிற ஜோடி என்று பேச்சு வர ஆரம்பித்தது. பொய்யும் இல்லை. ஜப்பான் அந்தக் காலத்தில் மூன்று ஜோடிகளோடு மகளிர் இரட்டையரை ஆண்டுகொண்டிருந்தது.

2020இல் ஒலிம்பிக் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போனது. 33 வயதுக்காரருக்கு ஓராண்டு என்பது சின்ன விஷயமில்லை. 2020 டிசம்பர் 23 அன்று பொலீக்குத் திருமணம். மறுநாளே அவருடைய அண்ணன் கொரோனாவால் இறந்துபோனார். அப்பா இல்லாத வீட்டில் அப்பா இடத்தில் இருந்தவர். மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஜனவரியில் பாங்காக்கில் தாய்லாந்து ஓப்பன் கோப்பையைத் தூக்கினார். இதைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை. அந்தப் படத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் போதும்.

டோக்கியோவுக்கு விதைநிலை (முன்னணி ஜோடிகளுக்குக் குலுக்கலில் தரும் தனி இடம்) இல்லாமல்தான் போனார்கள். விழுந்த குழுவோ கொடியது: யுகி ஃபுகுஷிமா, சயாகா ஹிரோதா என்ற ஜப்பானின் முதல்நிலை ஜோடி அதில் இருந்தது. மலேசியா, பிரிட்டன் ஜோடிகளை வென்றதும் காலிறுதி உறுதியாகிவிட்டது. மிச்சம் ஒன்றுதான்: குழுவில் முதலிடமா இரண்டாமிடமா?

லண்டனை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதே கேள்வி, அதே மாதிரிக் கடைசிக் குழு ஆட்டம், எதிரில் உலகின் முதல்நிலை ஜோடி. இந்த முறை தோற்பதில் லாபம் எதுவும் இல்லை என்று விதியே மாறியிருந்தது என்பதும் உண்மை. பொலீயும் அப்ரியானியும் 24-22, 13-21, 21-8 என்று ஜெயித்தார்கள். ஹிரோதா சில வாரங்களுக்கு முன் முழங்கால் தசைநார் கிழிந்து, வலது காலில் பெரிய பட்டையோடு ஆடிக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மறுபடி முழங்கால், இந்த முறை எதிராளியுடையது. இரண்டாமிடத்துக்குப் போன ஜப்பானியர்கள் காலிறுதியில் சீனாவின் சென் சிங்சென், ஜியா யிஃபானிடம் தோற்று வெளியேறினார்கள். என்னைப் பொறுத்தவரை பொலீயின் தங்கம் இறுதிப் போட்டியில் கிடைக்கவில்லை, இந்தக் குழு ஆட்டத்தில்தான் கிடைத்தது.

காலிறுதியில் சீனாவின் டூ யூ, லீ யின்ஹுயி மூன்று செட் வரை இழுத்தார்கள். அரையிறுதியில் கொரியாவின் லீ சோ-ஹீ, ஷின் சுங்-சான் நேர் செட்டில் வீழ்ந்தார்கள். ஷின், ரியோவில் வெண்கலம் வாங்கியவர். ஆகஸ்ட் 2, முசாஷினோ அரங்கம், இறுதிப் போட்டி. எதிரில் சென், ஜியா. அதற்கு முன் அவர்களிடம் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம்.

ஆட்டத்தின் நடுவே ஒரு ரேலியில் பொலீயின் மட்டையில் நரம்பு அறுந்தது. ஷட்டில் பறந்துகொண்டிருக்கிறது. அவர் களத்தின் ஓரத்துக்கு ஓடி, பையிலிருந்து வேறு மட்டையை உருவிக்கொண்டு திரும்பி வந்து அதே ரேலியில் சேர்ந்துகொண்டார். அந்தச் சில நொடிகள் அப்ரியானி தனியாளாகச் சமாளித்தார். சேர்ந்து ஆடத் தொடங்கிய புதிதில் இது நடந்திருந்தால் அந்த இளையவர் என்ன செய்திருப்பார் என்று தெரியாது. 21-19, 21-15. பொலீயின் 34ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

டோக்கியோவில் இந்தோனேசியா வாங்கிய ஒரே தங்கம் அது. மகளிர் இரட்டையரில் அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கமும் அதுதான். அதோடு பேட்மிண்டனின் ஐந்து பிரிவிலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய நாடு என்ற பட்டியலில் சீனாவுக்கு அடுத்துச் சேர்ந்தது. பெருமை பேசும் ஒரு பேட்மிண்டன் நாட்டில் கடைசியாக நிரம்பிய கட்டம், எல்லாரும் இளக்காரமாகப் பார்த்த கட்டம்.

இந்த வெற்றியை வயதுக்குக் கிடைத்த வெற்றி என்று சிலர் எழுதினார்கள். எனக்கு உடன்பாடில்லை. வயது மட்டும் போதுமென்றால், ஜ்வாலாவுக்குப் பிறகு சிக்கி ரெட்டி, தனிஷா கிராஸ்டோ என்று தன்னைவிட இளையவர்களோடு சேர்ந்து, 34 வயதில் 2024 பாரிஸ் வரை ஆடிய அஸ்வினி பொன்னப்பாவுக்கும் ஒரு பதக்கம் வந்திருக்க வேண்டும். பாரிஸில் குழு ஆட்டங்கள் மூன்றிலும் தோல்வி. அவருடைய உழைப்பு பொலீயின் உழைப்புக்குக் குறைந்ததில்லை. பொலீக்குப் பின்னால் சிபாயுங் முகாம் இருந்தது, அங்கே தினமும் எதிரில் நின்று அடிக்கப் பத்து ஜோடிகள் இருந்தார்கள், டபுள்ஸை மட்டுமே பார்க்கும் பயிற்சியாளர் இருந்தார். இந்தியாவில் டபுள்ஸ் என்பது வெகுகாலம் ஒற்றையரில் மிஞ்சியவர்கள் ஆடுவது என்றே கருதப்பட்டது. தனிமனித வைராக்கியத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும்.

2022 ஜூன் 12, இந்தோனேசியா மாஸ்டர்ஸ் இறுதி நாளில், ஜகார்த்தாவின் இஸ்தோரா அரங்கில் பொலீ விடைபெற்றார். இடையில் இன்னொன்றும் நடந்திருந்தது. உலக பேட்மிண்டன் சம்மேளனத்தின் வீரர்கள் ஆணையத்துக்கு அவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், நம் பி.வி. சிந்துவும் அப்போது அதில் உறுப்பினராக இருந்தார். கறுப்பு அட்டை பார்த்த கை, வீரர்கள் சார்பில் விதிகளைப் பற்றிப் பேசும் இடத்துக்கு வந்துவிட்டது.

அப்ரியானி? மூத்தவர் முறைப்படி விடைபெறும் முன்பே சித்தி ஃபாதியா சில்வா ரமதந்தியோடு சேர்ந்தார். ஃபாதியா அவரைவிட இளையவர். தரவரிசை மறுபடி அடியிலிருந்து. 2022 மே மாதம் வியட்நாமில் தென்கிழக்காசிய விளையாட்டுத் தங்கம், ஜூலையில் அடுத்தடுத்து மலேசியா ஓப்பன், சிங்கப்பூர் ஓப்பன். அந்த ஆட்டங்களில் புள்ளி போன பிறகு சிரித்துக்கொண்டே போய் மட்டையைத் தட்டுபவர் அப்ரியானி.

எந்த ஆட்டத்தைப் பார்த்துத் தொடங்கலாம் என்றால், தங்கம் வாங்கிய இறுதியை அல்ல, ஃபுகுஷிமா, ஹிரோதாவோடு ஆடிய அந்தக் குழு ஆட்டத்தைப் பாருங்கள். முதல் செட் 20-20ஐத் தாண்டிப் போகும் இடத்திலிருந்து போதும். ஷட்டிலை விட்டுவிட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் இடையில் பொலீ எங்கே பார்க்கிறார் என்று கவனியுங்கள்.